கழற்றத் தெரிந்த கால்கள்

செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்பதில் நமக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. கோயில் வாசல், வீட்டு நடை, அடுப்படி, பூஜை மாடம், நெல் காயும் களம், சாவு வீட்டுக் கூடம் என்று நீளும் அந்தப் பட்டியலை யாரும் எழுதி வைத்துப் படித்ததில்லை. நடக்கப் பழகும்போதே கால் அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. திருச்சி பாலக்கரையில் இதற்கு மதபேதமும் இல்லை. சகாய மாதா பசிலிக்காவுக்கு வருகிறவர்களில் பலர் படியோரம் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். மதுரை ரோட்டில் நத்தர்வலி தர்கா வாசலிலும் அப்படித்தான். ஆனால் எங்கெல்லாம் கட்டாயம் அணிய வேண்டும் என்று கேட்டால் பதில் தடுமாறும். வெயில், முள் என்று இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வோம். தோட்டத்துச் சேறு யார் நினைவுக்கும் வராது. நீர் புகாத, உறுதியான, காலுக்கு இதமான ஒரு பூட்ஸைத் தோட்ட வேலைக்கென்று தேடிப் போவது சின்னக் காரியம்தான். ஆனால் கடையில் போய் நிற்கும்போது, இந்த இரண்டாவது பட்டியலை நாம் எழுதவே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

பாதணியின் மீது நமக்கு மரியாதை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பாதணிக்கென்றே ஆயிரம் பாட்டுக்கு மேல் பெற்ற திருவரங்கம் இருக்கிறது. வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைகளைப் பற்றி மட்டும் 1008 சுலோகங்கள் செய்தார். பாதுகா சஹஸ்ரம் ஒரே இரவில் முடிந்தது என்பது மரபு. தொழிலாளர்கள் செய்து பெருமாளுக்குக் காணிக்கையாக்கிய பெரிய தோல் பாதணிகளும் கோயிலுக்குள் உண்டு. 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் செருப்போடு போகலாம், ரங்கா ரங்கா கோபுரத்தடியில் கழற்றிவிட வேண்டும். தெய்வத்துக்குப் பாதணி, பக்தனுக்கு வெறுங்கால் என்ற அந்த ஏற்பாட்டில் ஓர் அழகு இருக்கிறது. நான் அதோடு சண்டை பிடிக்கவில்லை. இதே ஊரில் நந்தவனம் அமைத்துப் பூ தொடுத்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரையும் பூக்கூடையோடும் வெறுங்காலோடும்தான் சிற்பிகள் செய்திருக்கிறார்கள். தோட்டக்காரர் என்றவுடன் நமக்குள் எழும் உருவத்தில் காலுக்கு எதுவும் இல்லாததற்கு அந்த வழிபாட்டு மரபும் ஒரு காரணமாக இருக்கலாம். கோயில் வாசலில் சரியாக இருக்கும் ஒரு வழக்கத்தை எருக்குழி வரைக்கும் கொண்டுபோனது நாம்தான்.

பாலக்கரை மண் நந்தவன மண் இல்லை. ஊருக்குள்ளே உய்யக்கொண்டான் ஓடுகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் இந்த வாய்க்கால் முதலாம் இராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்டது என்பார்கள். ஆயிரம் ஆண்டாக வயலுக்குப் போன தண்ணீரோடு கடந்த சில பத்தாண்டுகளாகச் சாக்கடையும் சேர்ந்து போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் தாழ்வான தெருக்களில் இரண்டும் பிரித்தறிய முடியாமல் கலந்து கொல்லைப்புறம் வரை வந்து நிற்கும். கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நாலு வாழையும் உள்ள கொல்லைதான் இங்கே தோட்டம். தண்ணீர் வடிந்த பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குகிறவர் காலடியில் கண்ணாடிச் சில்லு, மருந்துப் புட்டி, பிளேடு, துருப்பிடித்த ஆணி எல்லாம் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இவற்றால் வரும் ஆபத்து குறைவுதான்.

தெரியாதவை அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு அதற்குப் போதும். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், உழைக்கிறவர்களுக்கு வருகிற சாதாரணச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிடுவோம். அந்தப் புண் வழியாக வேறு என்னென்ன உள்ளே போகும் என்று கேட்பதில்லை. கொக்கிப்புழு இன்னும் நுணுக்கமானது. அதற்குப் புண்கூடத் தேவையில்லை. ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1898இல் கெய்ரோவில் புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது, சில வாரங்களில் அவருக்கே புழு நோய் கண்டது. முழுத் தோலையும் துளைத்து உடம்புக்குள் போகும் வல்லமை அதற்கு உண்டென்று உலகம் அப்படித்தான் அறிந்தது. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் ரத்தத்தை அது வருஷக்கணக்கில் உறிஞ்சும். வெளியே தெரிவதெல்லாம் சோகையும் களைப்பும்தான். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து வேலைக்காரரைத் திட்டிய முதலாளிகளின் கதை நம் தோட்டத் தொழிலின் வரலாற்றில் நிறைய உண்டு.

பிறகு பாம்பு. வாழைச் சருகு குவிந்த இடம், தேங்காய் மட்டை அடுக்கிய மூலை, செங்கல் குவியல் இவையெல்லாம் எலிக்கு வீடு. எலியைத் தேடி வருவது நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்தவர்கள் சொன்ன கணக்கு. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கடிகளில் பெரும்பாலானவை காலில்தான் விழுகின்றன. கொள்ளிடக் கரையில் மல்லிகை பறிக்கும் பெண்கள் இருட்டு விலகுமுன் வயலில் இறங்குகிறார்கள். மொட்டு விரிந்தால் விலை போகாது. பாம்பும் மனிதக் காலும் ஒரே வரப்பில் ஒரே நேரத்தில் நடமாடும்படி பூச்சந்தை நேரம் வகுத்து வைத்திருக்கிறது. அந்தப் பெண்களின் காலில் எதுவும் இருக்காது, இருந்தால் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

வெறுங்கால் மண்ணோடு உறவு கொண்டது என்று நம்மில் சிலர் உருகி எழுதுவோம். அதில் பொய்யில்லை. நாற்றங்காலில் சேற்றின் பதத்தைக் காலால் அறிகிறவருக்கு அந்த அறிவைத் தருவது உள்ளங்கால்தான். முழங்கால் ஆழத்துச் சேற்றில் கம்பூட்ஸ் என்கிற ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கினால் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். மியான்மரில் கண்ணாடி விரியன் கடிக்கு அஞ்சி நெல் விவசாயிகளுக்கென்றே தனியாகப் பூட்ஸ் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். வயலுக்குத் தோதான பூட்ஸ் செய்வது அவ்வளவு எளிதில்லை. வெறுங்காலுக்கு மருத்துவச் சாட்சியும் உண்டு. இந்திய மருத்துவர்கள் இருவர் 2,300 குழந்தைகளின் கால்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவின்படி, காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். வெறுங்காலில் நடந்த பாதம் வலுவானது, விரல்கள் அகன்று விரிந்தது.

ஆனால் வெறுங்காலை விரும்பி ஏற்றவர் எத்தனை பேர், வேறு வழியின்றி ஏற்றவர் எத்தனை பேர்? திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் 2023 டிசம்பரில் பட்டியல் சாதியினர் சுமார் அறுபது பேர் ஒரு தெருவில் செருப்புப் போட்டு நடந்தது பத்திரிகைச் செய்தியாயிற்று. அதுவரை அந்தத் தெருவில் அவர்கள் செருப்போடு போனதில்லை, போக விட்டதில்லை. நடந்த ஆண்டை மறுபடி பாருங்கள்: 2023. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்த தலைமுறைகள் அதே காலோடுதான் வயலிலும் தோட்டத்திலும் சாக்கடையிலும் இறங்கின. மண்ணின் மீதான பக்தி என்று ஒருவர் சொல்லும் அதே வெறுங்கால், அடுத்தவருக்குத் தடையின் அடையாளம். துப்புரவுப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகளை வேலை தருகிறவரே கொடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. எந்த ஊரிலும் மழைக்கால விடியலில் வாய்க்கால் அடைப்பு எடுக்கிறவர்களின் காலைப் பார்த்தால், அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது தெரியும்.

ரப்பர் பூட்ஸின் கதையும் தமிழ்க் காலைத் தொடாமல் போகவில்லை. கம்பூட்ஸுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் வெலிங்டன். முதலில் அது தோல் பூட்ஸ். அதைத் தைக்கச் சொன்னவர் வெலிங்டன் பிரபு. பிரபு ஆவதற்கு முன் ஆர்தர் வெல்லெஸ்லியாக அவர் காவிரிக் கரைக்கு வந்திருக்கிறார். ஆதி அரங்கமான ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட 1799 ஏப்ரலில், சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்க இருட்டில் படையோடு இறங்கினார். தோப்பெங்கும் பாசன வாய்க்கால்கள். வழி தெரியாமல் படை சிதறியது; வேகம் தணிந்த குண்டொன்று அவர் முழங்காலில் பட்டது. வாட்டர்லூ வீரரின் அபூர்வமான தோல்விகளில் ஒன்று நம் ஆற்றுப் பாசனத்துச் சேற்றில் நடந்தது. தோல் ரப்பராக மாறியது 1850களில். சார்லஸ் குட்இயரின் முறைப்படி பதப்படுத்திய ரப்பரில் காலணி செய்யும் உரிமையை வாங்கிய ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853இல் பிரான்ஸில் தொழிற்சாலை தொடங்கினார். மரக்கட்டைச் செருப்போடு வயலில் நின்ற பிரெஞ்சு விவசாயிகள் ஈரமில்லாத காலோடு வீடு திரும்ப ஆரம்பித்தார்கள்.

முதல் உலகப் போரில் அகழிகளில் தேங்கிய குளிர்நீரில் நின்று நின்று சிப்பாய்களின் பாதம் அழுகியபோது பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பத்து லட்சம் ஜோடிக்கு மேல் ரப்பர் பூட்ஸ் போனது. அதற்குள் உலக ரப்பரில் பெரும்பங்கு காட்டு ரப்பராக இல்லாமல் தோட்ட ரப்பராகிவிட்டிருந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் அந்தத் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். அங்கே அவர்களை வாட்டிய நோய்களில் ஒன்று கொக்கிப்புழு. வெள்ளைச் சிப்பாயின் கால் நனையாமல் காத்த ரப்பரில் இவர்கள் வடித்த பாலும் கலந்திருக்கும். வடித்த கால் மட்டும் வெறுங்காலாகவே இருந்தது. இந்தியர் கையில் ரப்பர் காலணித் தொழில் வந்தது பிறகுதான். 1920இல் கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் டக்பேக் மழைக்கோட்டும் பூட்ஸும் ஒரு தலைமுறைக்கே பழக்கமான பொருள்கள்.

குளிர் நாட்டில் பிறந்த பொருள் என்பதால் கம்பூட்ஸை நம் ஊருக்கு வாங்கும்போது அந்த நாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே மண்ணைக் கிளறும் கருவியைக் காலால் மிதித்து அழுத்துவார்கள். அதனால் அடிப்பாகம் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். நம் மண்வெட்டி ஓங்கி நம்மை நோக்கியே வருகிறது. குறி தவறினால் விழுவது பெருவிரலிலோ கணைக்கால் எலும்பிலோதான். கடப்பாரை நழுவினாலும் அங்கேதான். எனவே குழி வெட்டுகிறவருக்கு விரல்களுக்கு மேல் இரும்புக் கவசம் வைத்த பூட்ஸ் நல்லது. களை பறிப்பதற்கும் பூச்செடிக்கும் அது வீண் சுமை. மேலும் அங்கே முழங்காலிட்டு வேலை செய்வார்கள், நாம் குந்தி உட்காருவோம். முழங்கால் வரை வரும் பூட்ஸில் குந்தினால் மேல்விளிம்பு கால் மடிப்பில் வெட்டும். அரை மணி நேரத்தில் கழற்றி எறிந்துவிடத் தோன்றும். கெண்டைக்காலின் பாதி வரை வருவது நமக்குப் போதும். பாம்புக்குப் பயந்தால் அதற்கு மேல் ஒரு சாண் துணியோ தோலோ சுற்றிக்கொள்ளலாம். எந்தப் பூட்ஸும் விரியனிடமிருந்து முழுக் காப்பு ஆகாது. ஆனால் காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தால் பல்லுக்கும் தோலுக்கும் நடுவே அந்தத் தூரமாவது இருக்கும்.

கடைகளில் தொங்குவதில் பெரும்பாலும் பி.வி.சி. விலை சில நூறு ரூபாய். எருவுக்கும் உப்புக்கும் எளிதில் கெடாது. ஆனால் வெயிலில் கிடந்தால் விறைத்து, மடியும் இடத்தில் கீறல் விடும். இயற்கை ரப்பர் இழுத்தால் வளைந்து கொடுக்கும், காலோடு சேர்ந்து நடக்கும். விலை கூட, கனமும் கூட, எண்ணெயும் வெயிலும் ஆகாது. வாங்கும்போது கணுக்கால் பக்கம் கையால் மடக்கிப் பார்க்க வேண்டும். மடித்த கோடு வெளுத்து நின்றால் அது ஒரு மழைக்காலம் தாண்டாது. அடிப்பாகத்தில் பள்ளங்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். நெருக்கமான கோடுகளில் நம் களிமண் அப்பிக்கொண்டு, இரண்டு எட்டில் பூட்ஸே வழுக்குமரமாகிவிடும்.

அளவுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்து வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் அகன்றது. குறுகிய முனை கொண்ட பூட்ஸில் நீளம் சரியாக இருந்தாலும் சுண்டுவிரல் நசுங்கும். அதைச் சமாளிக்க ஓர் அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் தூக்கித் தூக்கி விழுந்து கொப்புளம் போடும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது, தோட்டத்தில் போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்து, ஒருமுறை குந்தி எழுந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். குந்திப் பார்க்கிறவரைக் கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். பெண்களுக்கு இதுகூட வாய்ப்பதில்லை. மாட்டி வைத்திருப்பதெல்லாம் ஆண் அளவு. கணவனின் பழைய பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு ஆகாது, தடுக்கி விழ வைக்கும்.

பொருந்தாத காலணி வெறுங்காலைவிட மோசம் என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய மருத்துவர் நம் பக்கத்து மலையில் பிறந்தவர். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். அவர்களின் பாதம் புண்ணாவதற்கு நோய் நேரடிக் காரணம் இல்லை. வலி தெரியாத பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டும் நடையை மாற்றிக்கொள்வதில்லை, அதனால் தான் தன்னையே அழித்துக்கொள்கிறது என்று கண்டார். மென்மையான நுண்துளை ரப்பரில் அடிப்பாகம் வைத்த செருப்புகள் வேலூரிலும் கரிகிரியிலும் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் மருத்துவமனைகள் கொடுப்பது அந்த மரபில் வந்ததுதான். பிராண்டின் பாடம் இப்போது தொழுநோயாளிகளுக்கு மட்டுமானது இல்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. ஓய்வு பெற்றபின் தோட்டத்தில் இறங்கும் நம்மில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், நமக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் புது பூட்ஸை முதல் நாளே மூன்று மணி நேரம் போட்டு உழைப்பது ஆபத்து. அரைமணி போட்டு, கழற்றி, பாதத்தைக் கண்ணால் பார்த்து, சிவந்த இடம் உண்டா என்று தேட வேண்டும். அங்கே வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்கிறது.

இதிலிருந்துதான் எனக்குத் தோன்றுகிறது: நம் ஊரில் ஒரு பூட்ஸின் முதல் குணம் சுலபமாகக் கழன்று வருவது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில் நீர் புகாத பூட்ஸ் என்றால் வியர்வை வெளியேறாத பூட்ஸ் என்று பொருள். வெளி ஈரத்தைத் தடுத்து உள் ஈரத்தில் காலை ஊறவைத்தால் சேற்றுப்புண் வேறு வழியில் வந்து சேரும். காலை 6 மணிக்குப் போட்டு 8 மணிக்குக் கழற்றிவிட வேண்டிய பொருள் அது. நடுவில் குடிக்கத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போக வேண்டும், பூஜைக்குப் பவளமல்லி பொறுக்க வேண்டும், அதற்கெல்லாம் வெறுங்கால்தான். கயிறு கட்டி அவிழ்க்கும் பூட்ஸ் எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும் தமிழ் வீட்டில் மூன்றாம் நாள் மூலைக்குப் போய்விடும். குதிகாலில் சின்ன விளிம்பு, மற்றக் காலால் மிதித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் உள்துணி, கொல்லை நடையில் தலைகீழாக மாட்ட இரண்டு முளை, இவை இருந்தால் போதும். தலைகீழாக மாட்டினால் காயும். தேளும் பூரானும் குடியேறாது. போடுமுன் தட்டிப் பார்ப்பது எப்படியும் நல்லது. கழற்றும் வழக்கம் நமக்கு இருப்பதால் பூட்ஸ் நமக்கு ஒத்துவராது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. எங்கே கழற்ற வேண்டும் என்று இவ்வளவு நுட்பமாக அறிந்த கால், எங்கே போட வேண்டும் என்பதையும் அதே நுட்பத்தோடு கற்றுக்கொள்ளும். எருக்குழியில் போடு, பூச்செடியில் கழற்று. வாய்க்கால் சேற்றில் போடு, காய்ந்த பாத்தியில் கழற்று. சருகு அள்ளும்போது போடு, களத்தில் கழற்று. இவ்வளவுதான் அந்த இரண்டாவது பட்டியல்.

பட்டியலில் ஒன்று மிச்சமிருக்கிறது. கன்டோன்மென்ட்டிலும் தில்லைநகரிலும் திருவரங்கத்து வீதிகளிலும் தோட்டம் வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் கனமான வேலையைத் தாமே செய்வதில்லை. மழை விட்டதும் புதர் வெட்ட, குழி தோண்ட, அடைப்பு எடுக்க ஒருவரைக் கூப்பிடுகிறோம். பூட்ஸ் வாங்குவதோ நம் கால் அளவுக்கு. நாம் பூட்ஸோடு திண்ணையோரம் நின்று இடத்தைக் காட்ட, அவர் வெறுங்காலோடு இறங்குகிறார். கேட்டால், அவருக்குப் பழக்கம் என்போம். பழக்கம் உண்மை, அந்தப் பழக்கத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அவரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். தன் காலுக்குப் பொருந்திய பூட்ஸைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காதவர் வேறென்ன சொல்வார்? அடுத்த முறை பெரிய கடைவீதிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போய், போட்டு, குந்தி, நடந்து பார்க்கச் சொல்லி, அவர் தேர்ந்தெடுப்பதற்குக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஜோடியை அவர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். நாளை வேறொரு தோட்டத்துச் சேற்றிலும் அவர்தானே இறங்கப் போகிறார்.